பதினேழாவது வரி

லூசிண்டா ப்ரூயிட் எலுமிச்சை கேக்கோடு எங்கள் வீட்டுப் படி ஏறியபோதே எனக்கு உறுத்தியது. ஐம்பத்தெட்டு வருஷமாக இதே லாரல் ஓடைக்கரையில் இருக்கிறேன். அவளுடைய கார் எங்கள் மரப்பாலத்தைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் கேக் மட்டும் வராது என்று எனக்குத் தெரியும்.

"ஓபல் கண்ணு, எப்படி இருக்கே?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மாவுக்கு எண்பத்தாறு. லூசிண்டாவுக்கு எழுபத்து நாலு. பன்னிரண்டு வயது மூத்தவளைக் கண்ணு என்று கூப்பிட எங்கள் ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் வாய் வரும். அம்மா நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"நீ ஏன் எழுந்திருக்கே? அவங்களுக்குக் கால் இருக்கு, எதிர்ல நாற்காலி இருக்கு, உக்காருவாங்க."

லூசிண்டா சிரித்தாள். "வெர்லீனுக்கு இன்னும் அதே வாய்தான்."

"பள்ளிக்கூட பஸ் ஓட்டறவ மேடம். வாய் இல்லேன்னா அறுபது பிள்ளைங்களும் சேர்ந்து என்னைத் தின்னுடும்."

லூசிண்டா எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவி. அமெரிக்க விடுதலைப் போர் வீரர் வழிவந்த மகளிர் சங்கம் என்று அதற்கு நீளமான பெயர். கென்டக்கியில் எங்கள் மெரிட் மாவட்டத்தில் 'சங்கம்' என்றாலே போதும். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய ஒருவனுடைய நேர் வாரிசு நீ என்று காகிதத்தில் நிரூபித்தால் சேர்த்துக்கொள்வார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் சான்று வேண்டும். அதற்கு மேல், ஏற்கெனவே உள்ளே இருக்கும் இரண்டு பெண்கள் 'இவளை எங்களுக்கு நேரில் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்துவிட்டால் ஒரு பதக்கமும், மாதம் ஒரு மதியச் சாப்பாடும், தெருவில் நடக்கத் தனியாக ஒரு நடையும் கிடைக்கும்.

சங்கத்தின் எங்கள் ஊர்க் கிளைக்கு ரூபன் டாக்கெட் என்ற வீரனின் பெயர். அவன் லூசிண்டாவின் மூதாதை என்று கிளை சொல்கிறது. இல்லை, என் அம்மாவின் மூதாதை என்று நான் சொல்கிறேன். அதை நூற்றுப் பதினாலு பக்கச் சான்றோடு அம்மா பெயரில் விண்ணப்பமாகக் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. கிளையிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. கேக்தான் வந்தது.

சங்கம் அம்மாவுக்குப் புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷத்திலிருந்து எண்பத்தாறு வரை, இருபத்திரண்டு வருஷம், அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கோழி வறுத்ததும் தட்டுக் கழுவியதும் அவள்தான். கூட்டம் ஆரம்பிக்கும்போது பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தியும் 'உள்ளேன்', 'உள்ளேன்' என்று சொல்வது சமையலறை வரை கேட்கும். அம்மா தொட்டியில் கை விட்டபடியே மூக்கைத் தூக்கிக்கொண்டு அதே குரலில் 'உள்ளேன்' சொல்லிக் காட்டுவாள். பாத்திரம் துடைக்க உட்கார்ந்திருக்கும் நான் சிரித்து விழுவேன். அது விளையாட்டு மட்டும் இல்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அறுபத்தேழில் அவளுக்கு ஒரு தைரியம் வந்திருக்கிறது. நான் அப்போது இடுப்புக் குழந்தை. எங்கள் வீட்டுப் பழைய பைபிளில் நடுவே ஒரு பக்கம் உண்டு. குடும்பத்தில் யார் பிறந்தாலும் அதில்தான் எழுதுவார்கள். முதல் வரியில் ரூபன் டாக்கெட், அடுத்ததில் அவன் மனைவி சாரா, பிறகு பிள்ளைகள், வெந்நீர் கொட்டிச் செத்த ஒரு குழந்தை, பேரன்கள். அம்மா அந்தப் பைபிளை மாவுச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், அன்றைக்குச் சங்கத்துப் பதிவாளராக இருந்த ஹாரியட்டிடம் காட்டினாள். ஹாரியட் லூசிண்டாவின் அம்மா. 'ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும், சரிபார்த்துச் சொல்றேன்' என்று வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தாள். 'இது வேற ரூபன் கண்ணு. நீங்க மத்த டாக்கெட்டுங்க' என்றாளாம்.

மற்ற டாக்கெட்டுகள். ஊரில் எங்களுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. அவர்கள் டவுன் டாக்கெட்டுகள், நாங்கள் மற்றவர்கள். அம்மா பைபிளை அலமாரி மேல் வைத்தாள். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வாரமே போய் அவர்களுக்குக் கோழி வறுத்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஹாரியட் சொன்னதில் ஒன்று உண்மை. ரூபன் டாக்கெட் என்று இரண்டு பேர் இருந்தார்கள், ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில். ஒருவன் டவுனில் மாவு மில் வைத்திருந்தான். அறுநூறு ஏக்கர் நிலத்துக்கும் ஆறு அடிமைகளுக்கும் வரி கட்டியிருக்கிறான். இன்னொருவன் எங்கள் ஓடைக்கரையில் கூலி வேலை செய்தான். இவர்களில் போருக்குப் போனவன் யார்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கிளையை ஆரம்பித்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை. அரசாங்க ஓய்வூதியப் பட்டியலில் ரூபன் டாக்கெட், மெரிட் மாவட்டம் என்று இருந்தது. மில்காரன்தான் என்று முடிவு கட்டிக் கல் நட்டுவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரன் இருக்கும்போது ஓடைக்கரைக்காரனை யார் தேடுவார்கள்?

நான் தேடினேன். கோடை விடுமுறையில் பஸ் ஓடாது. ஆறு கோடைகள் நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் தூசி தின்றேன். அந்த ஓய்வூதியக் கட்டின் நாலாவது பக்கத்தில் எல்லாம் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. கஞ்சிக்கு வழியில்லாத வீரனுக்கு மட்டும்தான் ஓய்வூதியம். அதனால் கிழவன் நீதிமன்றத்தில் நின்று, ஊரார் முன்னால், தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும். ரூபன் சொல்லியிருக்கிறான். நிலம் இல்லை. மாடு ஒன்று. ஒரு கண் தெரியாத குதிரை ஒன்று. மூடி உடைந்த பானை ஒன்று. தட்டு மூன்று. மனைவி சாரா, கால் ஊனம். வலது தோளில் குண்டடி, உழ முடியவில்லை. கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்.

மில்காரனோ பத்திரத்துக்குப் பத்திரம் வால் சுழித்துக் கையெழுத்துப் போட்டவன். அவன் மனைவி பெயர் மார்கரெட். அறுநூறு ஏக்கர் வைத்திருந்தவன் மூடி உடைந்த பானைக்காகக் கோர்ட்டில் நிற்பானா? நூறு வருஷமாக அந்தச் சங்கத்துப் பெண்கள் எங்கள் ஆள் பட்ட குண்டைத் தங்கள் மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அவனுடைய ஏழ்மை மட்டும் எங்களிடம் விட்டுவைக்கப்பட்டது.

சரி, கேக்குக்கு வருகிறேன்.

"நேராவே சொல்லிடறேன்," என்றாள் லூசிண்டா. "ரூபன் விஷயத்துல ரெண்டு பக்கமும் குழப்பம் இருக்கு. தலைமையகத்துக்குப் போச்சுன்னா வருஷக்கணக்கா இழுக்கும். ஓபலுக்கு அவ்வளவு காலம்..."

"செத்துடுவேன்னுதானே சொல்ல வர்றீங்க மேடம்?" என்றாள் அம்மா. "கேக்கை வெட்டிட்டே சொல்லுங்க, நேரம் மிச்சமாகும்."

லூசிண்டா கொஞ்சம் சிவந்தாள். "ஓபலோட அம்மா வழியில ஜோஷியா ஃபென்னுன்னு ஒருத்தர் இருந்திருக்கார். படைக்கு ரெண்டு மூட்டை சோளம் குடுத்ததுக்கு ரசீது இருக்கு. அதுவும் தேசத்தொண்டுதான், விதிப்படி செல்லும். அவர் வழியா ஏற்கெனவே நாலு பேர் சேர்ந்திருக்காங்க. கடைசி ரெண்டு தலைமுறைக்குச் சான்று வெச்சா போதும். முதல் கையெழுத்து நானே போடறேன். ஜூன்ல உள்ள வந்துடலாம்."

"அந்தச் சோளம் மனுஷனுக்கா, குதிரைக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"அது... படைக்கு ஓபல்."

"குதிரைக்குத்தான் இருக்கும். எங்க ஆளுங்க யோகம் அப்படி."

"பதிலுக்கு என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன் நான்.

லூசிண்டா என்னைப் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரூபன் விண்ணப்பத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கணும்."

"கேக்கை எடுத்துட்டுக் கிளம்புங்க," என்றேன்.

"நீ சும்மா இரு வெர்லீன்," என்றாள் அம்மா. பிறகு லூசிண்டாவைப் பார்த்து, "கையெழுத்து எங்க போடணும் மேடம்?" என்றாள்.

லூசிண்டா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். பேனாவும் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் தயாராக வந்திருக்கிறாள்! அம்மா மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கை ஓரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் பெயர் எழுதினாள். ஒன்று சோளத்துக்குப் புது விண்ணப்பம். இன்னொன்று ரூபனை விட்டுக்கொடுக்கும் கடிதம்.

கார் பாலம் தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் கேக்கைத் தட்டோடு குப்பைக்கூடையில் போட்டேன்.

"ஆறு வருஷம்மா! ஆறு வருஷம் அந்தக் குழிக்குள்ள உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டேன். அவ ஒரு கேக்கைக் காட்டினதும் வித்துட்டியே!"

"கேக்கை எதுக்குடி போட்டே? நல்ல கேக்."

"வெக்கமா இல்லையா உனக்கு?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெக்கமா? இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூடத்துக்கு வெளியில நின்னுட்டே இருந்தேன். உள்ள எத்தனை நாற்காலின்னு எனக்குத் தெரியும், நாப்பத்தாறு. துடைச்சவ நான். அதுல ஒண்ணுல ஒரு தடவை உக்காரணும். சோளத்தைக் காட்டி உக்காந்தா என்ன, துப்பாக்கியைக் காட்டி உக்காந்தா என்ன? உனக்கு ரூபன் வேணும். எனக்கு நாற்காலி வேணும்டி."

ஒரு வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரையும் சூப்பும் கொண்டுபோய் வைப்பேன், வந்துவிடுவேன்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். சங்கத்தின் தலைமையகத்தில் பழைய விண்ணப்பங்களின் நகலை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். பதினொன்றாம் வருஷத்து மூல விண்ணப்பத்தை முன்னமே வாங்கியிருந்தேன். அதில் பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. இப்போது, ரூபன் டாக்கெட் பெயரில் பின்னால் வந்து சேர்ந்த துண்டுத்தாள் வரைக்கும் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டேன். ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. லூசிண்டாவின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான்.

சொன்னபடி ஜூனில் சோள வழி ஒப்புதலாகி வந்தது. பதக்கத்தை ஜூலை நாலாம் தேதி கல்லறையில் குத்திவிடுவார்கள். எங்கள் கிளையின் வழக்கம் அது. ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் மில்காரன் கல்லறைக்கு மலர்வளையம் வைப்பார்கள். அந்த வருஷம் சேர்ந்தவர்கள் கல்லுக்கு முன்னால் நின்று தங்கள் மூதாதை யார், என்ன செய்தான் என்று ஒரு நிமிஷம் சொல்ல வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்கள் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது.

ஜூலை இரண்டாம் தேதி தலைமையகத்து உறை வந்தது. சமையல் மேசையில் பிரித்தேன். ஏழாவது தாளை இரண்டு தடவை படித்தேன்.

அறுபத்தேழாம் வருஷத்துத் தாள். அந்த வருஷம் தலைமையகம் விதியை இறுக்கியிருக்கிறது. 'ஓய்வூதியத்தில் மனைவி பெயர் சாரா என்று இருக்கிறது, உங்கள் கிளை மார்கரெட் என்கிறது, சாராவுக்கும் பிள்ளைகளுக்கும் சான்று அனுப்பாவிட்டால் கிளையின் பெயரே கேள்விக்குள்ளாகும்' என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஹாரியட்டின் பதில் அந்தத் தாள். சாரா முதல் மனைவி என்று ஒரு கதை எழுதி, சான்றாக ஒரு பைபிள் பக்கத்தைக் கையால் நகல் எடுத்து, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து அனுப்பியிருக்கிறாள். மேலே 'எங்கள் குடும்பப் பைபிள்' என்று தலைப்பு.

எங்கள் பைபிள்! ரூபன், சாரா, வெந்நீர் கொட்டிச் செத்துப்போன குழந்தை, எல்லாம் எங்கள் பக்கம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. பைபிள் பக்கத்தை நகல் எடுத்தால் முழுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், ஒரு வரிகூட விடக்கூடாது. விட்டால் செல்லாது. ஹாரியட் விதி மீறாதவள், அதில் அவளுக்குப் பெருமை வேறு. திருட்டையும் விதிப்படியே செய்திருக்கிறாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பதினேழு வரியும், அந்த அழகான சாய்ந்த கையெழுத்தில். பதினேழாவது வரியில் என் அம்மா பிறந்திருக்கிறாள். அதோடு பக்கம் நிறைந்துவிட்டது, எனக்கு அதில் இடமில்லை. தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு ஓபல் யார் என்று எப்படித் தெரியும்? டவுன் டாக்கெட் வீட்டு ஏதோ ஒரு பெண் என்று நினைத்து முத்திரை குத்திவிட்டார்கள்.

தாளைக் கொண்டுபோய் அம்மா மடியில் வைத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வைத்துப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"நன்றி சொன்னேன்டி," என்றாள்.

"என்னம்மா?"

"மூணாம் நாள் பைபிளைத் திருப்பிக் குடுத்தப்ப. சிரமப்பட்டுப் பார்த்தீங்களே மேடம், ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கு உனக்கு ஜுரம். உன்னையும் தூக்கிட்டு, அதையும் தூக்கிட்டு, அஞ்சு மைல் நடந்து வந்தேன். வழியெல்லாம் எங்கப்பாவைத்தான் திட்டினேன், பொய்ப் பெருமை சொல்லி வளர்த்துட்டாரேன்னு."

என் அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. சொந்த அப்பாவைப் பொய்யன் என்று ஐம்பத்தேழு வருஷம் நம்ப வைத்துவிட்டார்களே, அதற்கு என்ன ஈடு? அவர்கள் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றையும் கல்லால் அடிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

"போன் பண்றேன்," என்று எழுந்தேன். "இப்பவே அவளை..."

"உக்காரு. போனும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்தப் பஞ்சப்பாட்டுக் காகிதம் இருக்கே, கோர்ட்டுல ரூபன் சொன்னது. அதைப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடு. எனக்கு ஒரு நிமிஷம் இருக்கு இல்ல?"

நாலாம் தேதி நல்ல வெயில். கல்லறையில் ஊரே கூடியிருந்தது. கொடி, தொப்பி, மேயர், வாத்தியம், எல்லாம் இருந்தது. கயிற்றுக்கு உள்ளே வெள்ளை நாற்காலிகளில் சங்கத்துப் பெண்கள். முன் வரிசையில் என் அம்மா, நீலக் கவுனில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன்.

லூசிண்டா பதக்கத்தைக் குத்திவிட்டு, "நம்ம ஓபலை எல்லாருக்கும் தெரியும். அவ கோழி வறுவலை யாரால மறக்க முடியும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோஷியா ஃபென் பற்றி அச்சடித்த அட்டையை அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா நடைச்சட்டத்தோடு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அட்டையை நடைச்சட்டத்துப் பையில் செருகிவிட்டு, நான் அடித்துக் கொடுத்த தாளை எடுத்தாள்.

"என் பேரு ஓபல் டாக்கெட் கோம்ஸ். என் மூதாதை ரூபன் டாக்கெட். கோர்ட்டுல அவர் சொன்னதை அப்படியே படிக்கிறேன். எனக்கு நிலம் இல்லை. மாடு ஒன்று. குதிரை ஒன்று, அதற்கு ஒரு கண் தெரியாது. பானை ஒன்று, மூடி உடைந்தது..."

"ஓபல் கண்ணு, அது உன் தாள் இல்ல," என்று லூசிண்டா பக்கத்தில் வந்தாள்.

"இருங்க. தட்டு மூன்று. என் மனைவி சாராவுக்குக் கால் ஊனம். நான் கூலி வேலை செய்கிறவன். தோளில் குண்டு பட்டதால் உழ முடியவில்லை. என் பிள்ளைகளும் ஏழைகள், அவர்களால் எனக்குச் சோறு போட முடியவில்லை. இதற்குச் சத்தியம் செய்கிறேன்." அம்மா தாளைத் தாழ்த்தி, எதிரே இருந்த கல்லைப் பார்த்தாள். பளிங்குக்கல், ஆள் உயரம். "இங்க படுத்திருக்கறவருக்கு மில் இருந்துது. உடைஞ்ச பானை இருந்ததா யாருக்காவது தெரியுமா?"

வாத்தியக்காரன் ஒருவன் செருமினான்.

"போதும் ஓபல்," என்றாள் லூசிண்டா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இது அதுக்கு இடம் இல்ல. உக்காரு."

"ஒரு நிமிஷம் குடுத்தே. இன்னும் முடியல லூசிண்டா."

மேடம் இல்லை. நீங்கள் இல்லை. எண்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அம்மா பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"உங்கம்மா கையெழுத்து, தெரியுதா? எங்கள் குடும்பப் பைபிள்னு சத்தியம் பண்ணி எழுதியிருக்காங்க. அப்ப இதுல இருக்கறவங்க எல்லாம் உன் வீட்டு ஆளுங்கதானே? கடைசி வரியில யாருன்னு படி."

லூசிண்டா வாங்கினாள். வாங்காமல் இருக்க முடியாது, மேயர் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் கண் தாளில் கீழே இறங்கியது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவளுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா என்று ஊரில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அந்தத் தாளைத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். என் நூற்றுப் பதினாலு பக்கத்தைப் பதினாலு மாதம் பக்கத்தில் வைத்திருந்தவளுக்கு வேறென்ன தெரியாது?

அவள் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா," என்றாள் அம்மா. "சமையலறை வரைக்கும் கேக்கணும்."

லூசிண்டா படித்தாள். "ஓபல் டாக்கெட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, மார்ச் ஒன்பது. லாரல் ஓடை."

"உள்ளேன்," என்றாள் அம்மா.

மூக்கைத் தூக்கவில்லை, குரலை மாற்றவில்லை. தன் சொந்தக் குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதோடு நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் எல்லாவற்றையும் தலைமையகத்துக்கு அனுப்பினேன். ஆகஸ்டில் பதில் வந்தது. ரூபன் டாக்கெட் வழி சந்தேகத்துக்கு உரியதாம். இனி யாரும், எந்தப் பக்கத்திலிருந்தும், அவர் பெயரில் சேர முடியாதாம். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு எந்தப் பாதிப்பும் கிடையாதாம். அதாவது லூசிண்டா ரூபனின் வாரிசாகவே உள்ளே இருப்பாள். ரூபனின் ரத்தமான என் அம்மா குதிரைச் சோளத்துக்கு வாரிசாக இருப்பாள். கதவை இரண்டு பக்கமும் சமமாகச் சாத்திவிட்டார்களாம், நியாயமாம்! அந்தக் கடிதத்தைப் படித்த அன்று பஸ்ஸை எடுத்துப் பள்ளிக்கூடக் கம்பத்தில் இடித்துவிட்டேன்.

நான் ராஜினாமா செய்யச் சொன்னேன். பதக்கத்தைத் தூக்கி அவர்கள் முகத்தில் எறி என்றேன். அம்மா கேட்கவில்லை. மாதம் தவறாமல் போகிறாள். நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பெயர் கூப்பிட்டதும் அவள் குரல் வாசல் வரை கேட்கிறது.

சங்கத்தில் இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் எடுத்துப் போய்க் கழுவி வைக்கிறார்கள், லூசிண்டா உட்பட. அம்மா மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். போன மாதம் பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போய் அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"கை வெக்காதே," என்றாள். "யாராவது கழுவுவாங்க."